இன்ட் எத்தனை பைட்டுன்னு கேக்கறத நிறுத்தலாம்

புரோகிராமிங் நோட்ஸ் எத எடுத்தாலும் ரெண்டாவது பக்கத்துலயோ மூணாவது பக்கத்துலயோ ஒரு அட்டவணை இருக்கும். கேரக்டர் 1 பைட், இன்ட் 2 பைட், ஃப்ளோட் 4 பைட், டபுள் 8 பைட். பக்கத்துக் கட்டத்துல -32768 முதல் 32767 வரைன்னு ஒரு ரேஞ்ச். பரீட்சையில இதைக் கேக்கறாங்க, வைவால கேக்கறாங்க, வேலைக்கு ஆள் எடுக்கற இன்டர்வியூலயும் கேக்கறாங்க. பசங்களும் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டுப் போறாங்க. டேட்டா டைப் பாடம் அதோட முடிஞ்சுடுது. இதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு உள்ளபடியே கோபம் வருது, ஏன்னா புரோகிராமிங்ல இருக்கற ரொம்ப அழகான ஒரு விஷயத்த எடுத்து, அதுல உயிர் இல்லாத பகுதிய மட்டும் வெட்டிக் குடுக்கறோம். டைப்ங்கறது மெமரியில எவ்வளவு இடம் பிடிக்கும்ங்கற கணக்கு இல்லங்க. ஒரு மதிப்ப வெச்சு என்னெல்லாம் செய்யலாம், என்னெல்லாம் செஞ்சா அர்த்தம் கெட்டுடும்னு நாம எடுக்கற முடிவு அது. அந்த முடிவ எங்க எடுக்கறோம்? வேரியபிள் அறிவிக்கற வரியிலன்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. பெரும்பாலும் அதுக்கும் முன்னாடியே எடுத்துடறோம்: மதிப்ப கோடுக்குள்ள எழுதற இடத்துல, அதாவது லிட்டரல்ல. இந்த ஒரு விஷயத்தத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போறேன்.

முதல்ல அந்த அட்டவணையே எல்லா இடத்துக்கும் பொருந்தற உண்மை கிடையாது. இன்ட் 2 பைட்டுங்கறது டர்போ சி காலத்துக் கணக்கு. 1987ல போர்லேண்ட் வெளியிட்ட அந்தக் கம்பைலர் 16-பிட் டாஸ் கம்ப்யூட்டருக்கு எழுதினது, அதனால அங்க 2 பைட். (அந்த நீலத்திரை நம்ம ஊர் காலேஜ் லேப்கள்ல ரொம்ப வருஷம் ஓடினதால அந்த 2 இன்னும் நோட்ஸ விட்டுப் போகல.) இன்னைக்கு சாதாரணமா ஒரு லேப்டாப்ல ஜிசிசி போட்டுப் பாத்தா 4. சி மொழியோட ஸ்டாண்டர்டு இன்ட் இத்தனை பைட்டுன்னு எங்கயும் கட்டளை போடல, குறைஞ்சபட்சம் இந்த ரேஞ்ச் தாங்கணும்னு மட்டும் சொல்லுது. ஜாவா எந்த மெஷினா இருந்தாலும் 32 பிட்டுன்னு கட்டிப் போட்டுடுச்சு. பைத்தான் 3ல எல்லையே இல்ல. 2க்கு 1000 அடுக்கு போட்டா 302 இலக்கமும் ஒண்ணு விடாம வரும். இன்னொண்ணு பாருங்க. சி மொழியில கேரக்டர் 1 பைட்டுன்னு படிச்சவங்க, 'A' மாதிரி ஒத்தை மேற்கோள்ல ஒரு எழுத்தப் போட்டு அந்த லிட்டரலோட அளவ சைஸ்ஆஃப் வெச்சுக் கேட்டா 4ன்னு பதில் வரும். சி மொழியில கேரக்டர் லிட்டரலோட டைப்பே இன்ட். அதே வரிய சி++ல ஓட்டினா 1. அட்டவணைய எவ்வளவு நல்லா மனப்பாடம் பண்ணியிருந்தாலும் இந்த வித்தியாசம் ஏன்னு அதுல இருந்து சொல்ல முடியாது. லிட்டரலுக்குன்னு தனியா ஒரு டைப் இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் இது புரியும்.

சரி, லிட்டரல் என்னதான் செய்யுது? ஒரு அஞ்ச எடுத்துக்கோங்க. 5ன்னு எழுதலாம், 5.0ன்னு எழுதலாம், '5'ன்னு எழுதலாம், "5"ன்னு எழுதலாம். கண்ணுக்கு எல்லாமே அஞ்சுதான். சி மொழியில முதல்து முழு எண், ரெண்டாவது டபுள், மூணாவது 53ங்கற எண் (ஆஸ்கி பட்டியல்ல அஞ்சோட இடம் அது), நாலாவது ரெண்டு பைட் நீளமுள்ள ஒரு சரம், கடைசியில கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய பைட்டோட சேத்து. இதுல எத எழுதறோமோ அதைப் பொறுத்து அடுத்து நடக்கறது மொத்தமும் மாறும். 5ஐ 2ஆல வகுத்தா 2, 5.0ஐ வகுத்தா 2.5. ஃபாரன்ஹீட்ல இருந்து செல்சியஸுக்கு மாத்தற கணக்க 5/9ன்னு ஆரம்பிச்சு எழுதினா எந்த வெப்பநிலையக் குடுத்தாலும் விடை பூஜ்யம், ஏன்னா ரெண்டும் முழு எண் லிட்டரல், பின்னம் வெட்டுப்பட்டுடும். கெர்னிகனும் ரிச்சியும் 1978ல எழுதின சி புத்தகத்தோட முதல் அத்தியாயத்துலயே இந்த வெப்பநிலைக் கணக்கு வருது. 1988ல வந்த ரெண்டாம் பதிப்புல அவங்க முதல்ல 5ஆல பெருக்கி, அப்புறம் 9ஆல வகுக்கறாங்க, ஏன் அப்படின்னு அங்கயே விளக்கமும் குடுக்கறாங்க. அந்தக் காரணம் பைட் கணக்குல இல்ல. முழு எண்ணுக்கு வகுத்தல்னா என்ன அர்த்தம்னு மொழி எடுத்த முடிவுல இருக்கு. ஒரு புள்ளியும் பூஜ்யமும் சேத்து எழுதறதுல நாம அந்த அர்த்தத்தையே மாத்திடறோம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் எஸ்டிடி கோடு. சென்னைக்கு 044. இத ஒரு சி புரோகிராம்லயோ ஜாவா புரோகிராம்லயோ மேற்கோள் இல்லாம அப்படியே எழுதி, இன்ட் வேரியபிள்ல போட்டு, பிரின்ட் பண்ணிப் பாருங்க. 36 வரும். மதுரைக்கு 0452, அது 298 ஆயிடும். கோயம்புத்தூர் 0422, அது 274. டெல்லி 011, அது 9. முன்னாடி பூஜ்யம் வெச்சு எழுதின எண்ண எட்டடிமான எண்ணா எடுத்துக்கணும்ங்கறது அந்த மொழிகளோட விதி. 044ன்னா நாலு எட்டு முப்பத்திரண்டு, கூட ஒரு நாலு. இந்த விதி சி மொழிக்கு அதுக்கு முன்னாடி இருந்த பி மொழியில இருந்து வந்தது. 12 பிட், 18 பிட்டுன்னு மூணால வகுபடற அளவுள்ள மெஷின்கள் இருந்த காலத்துல மூணு மூணு பிட்டா பிரிச்சு எட்டடிமானத்துல எழுதறது வசதியா இருந்துச்சு. யூனிக்ஸ்ல ஃபைல் அனுமதிய 0644ன்னு எழுதறோமே, அது அந்தப் பழக்கத்தோட தொடர்ச்சிதான். இதவிட முக்கியமான விஷயம் பெங்களூரு. அதோட கோடு 080. அத எழுதினா கம்பைலர் உடனே நிறுத்திடும், ஏன்னா எட்டடிமானத்துல 8ங்கற இலக்கமே கிடையாது. பெங்களூருக்காரர் தப்பிச்சுட்டார், சென்னைக்காரர் மாட்டிக்கிட்டார். ஒரே மாதிரி எழுதின ரெண்டு மதிப்புல ஒண்ணு சத்தம் போட்டு நிக்குது, இன்னொண்ணு சத்தமே இல்லாம வேற எண்ணா மாறி உள்ள போயிடுது. ஜாவாஸ்கிரிப்ட்ல பழைய தளர்வான முறையில ஓட்டினா இன்னும் மோசம். 044 அங்கயும் 36, ஆனா 080ஐ எண்பதா எடுத்துக்கும். பைத்தான் 2008ல மூணாம் பதிப்பு வந்தப்ப இத சரியா கவனிச்சு, முன்னாடி பூஜ்யம் வெச்ச எண் லிட்டரல பிழைன்னே அறிவிச்சுடுச்சு. எட்டடிமானம் வேணும்னா பூஜ்யத்துக்கு அடுத்து ஓ எழுத்தும் சேத்து எழுதணும். இத நான் மனசாரப் பாராட்டறேன். படிக்கறவரோட மனசுல ஒரு அர்த்தமும் கம்ப்யூட்டருக்கு இன்னொரு அர்த்தமும் தர எழுத்துமுறைய ஒரு மொழி தானே முன்வந்து கைவிடறது அடிக்கடி நடக்கற விஷயம் இல்ல.

ஆனா பைத்தான் சத்தம் போட்டுட்டா பிரச்சினை தீந்துடுச்சா? இல்ல. பிழை வருதேன்னு ஒருத்தர் பூஜ்யத்த எடுத்துட்டு 44ன்னு எழுதிடுவார். இங்கதான் விஷயத்தோட வேர் இருக்கு. எஸ்டிடி கோடு எண்ணே கிடையாது. சென்னை கோடையும் மதுரை கோடையும் கூட்டினா என்ன வரும்னு யாரும் கேக்க மாட்டாங்க. சராசரி எடுக்க மாட்டாங்க. அது இலக்கங்களால ஆன ஒரு பேர். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், போன் நம்பர், ரோல் நம்பர், எல்லாமே அப்படித்தான். பின்கோடு மட்டும் நம்ம நாட்டுல பூஜ்யத்துல ஆரம்பிக்கறது இல்லைங்கறதால எண்ணா வெச்சாலும் தப்பிச்சுக்குது, ஆனா கொழும்பு 1க்கு அஞ்சல் குறியீடு 00100. அத எண்ணா வெச்சா 100 ஆயிடும், எட்டடிமானமா படிச்சா 64 ஆயிடும். பேருக்கு உரிய டைப் சரம், அதுக்கு உரிய லிட்டரல் மேற்கோளுக்குள்ள எழுதறது: "044". எத்தனை இலக்கம் இருக்குங்கறதும் எத்தனை பைட் மிச்சமாகும்ங்கறதும் இங்க கேள்வியே இல்ல. "இத வெச்சுக் கணக்குப் போடுவியா?"ங்கறது மட்டும்தான் கேள்வி. அட்டவணை அந்தக் கேள்விய ஒரு தடவ கூடக் கேக்க வைக்கறது இல்ல. அதுக்கு நேர் எதிரா, 10 இலக்க போன் நம்பர் இன்ட்ல அடங்குமா, லாங் வேணுமான்னு யோசிக்க வைக்குது.

பணத்துக்கு வருவோம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004 வரும்ங்கறது இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1985ல வந்த ஐஇஇஇ 754 விதிப்படி டபுள் மதிப்புகள் ரெண்டடிமானத்துல இருக்கு, அதுல பத்துல ஒண்ணு முடிவே இல்லாம போற பின்னம். அதனால பணத்துக்கு டபுள் வேண்டாம், டெசிமல் வெச்சுக்கோன்னு சொல்லிக் குடுக்கறாங்க, சரியான அறிவுரை. ஆனா பைத்தான்ல டெசிமலுக்கு உள்ள 0.1ன்னு மேற்கோள் இல்லாம குடுத்துப் பாருங்க: 0.1000000000000000055511151231257827ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு எண் வரும். "0.1"ன்னு மேற்கோளோட குடுத்தா சுத்தமா 0.1 வரும். ஜாவாவோட பிக்டெசிமல்லயும் இதே நிலைமை. டைப் சரியாத்தான் தேர்ந்தெடுத்தோம். ஆனா அந்த டைப்புக்குக் கையில கிடைக்கறதுக்கு முன்னாடியே லிட்டரல் மதிப்பக் கெடுத்துடுச்சு. இந்த ஒரு வித்தியாசம்தான் என் வாதத்துக்கு ரொம்ப பலமான சாட்சி. சி ஷார்ப் இத நல்லா யோசிச்சு, எண்ணுக்குப் பின்னாடி ஒரு எம் எழுத்து போட்டா அது பிறக்கும்போதே டெசிமல்னு வெச்சிருக்கு. சி மொழியில வர பழைய இன்டர்வியூ கேள்வியும் இதுல அடங்கிடும்: ஃப்ளோட் வேரியபிள்ல 0.1 போட்டுட்டு, அது 0.1க்கு சமமான்னு கேட்டா இல்லன்னு பதில் வரும். வலதுபக்கம் இருக்கற லிட்டரல் டபுள், இடதுபக்கம் இருக்கறது ஃப்ளோட்டுக்குள்ள சுருங்கின மதிப்பு. அதே வரிய ஜாவாவுல எழுதினா வேரியபிள்ல போடறப்பவே கம்பைலர் மறுத்துடும்.

இந்தப் பத்துல ஒண்ணு உயிரையும் எடுத்திருக்கு. 1991 பிப்ரவரி 25 அன்னைக்கு சவூதி அரேபியாவோட தஹ்ரான்ல ஒரு ஈராக்கிய ஸ்கட் ஏவுகணை அமெரிக்கப் படைவீரர்கள் தங்கின இடத்துல விழுந்து 28 பேர் செத்துப் போனாங்க. அதத் தடுக்க வேண்டிய பேட்ரியட் அமைப்பு நேரத்தப் பத்துல ஒரு விநாடி கணக்குல எண்ணிட்டு இருந்துச்சு. அத விநாடியா மாத்த 0.1ஆல பெருக்கணும், அந்த 0.1 24 பிட்டுல வெட்டப்பட்ட மதிப்பா இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வர பிழை கோடியில ஒரு பங்கு அளவுதான். ஆனா அமைப்பு 100 மணி நேரம் நிக்காம ஓடியிருந்ததால அது 0.34 விநாடியா வளந்துடுச்சு. அந்த நேரத்துல ஸ்கட் அரை கிலோமீட்டருக்கும் மேல போயிடும். ராடார் தப்பான இடத்துல தேடுச்சு.

இங்க ஒருத்தர் மறிச்சு நியாயமா ஒரு கேள்வி கேக்கலாம். "24 பிட்டுன்னு நீயே சொல்ற, அப்ப அளவுதானே பிரச்சினை? பைட் கணக்கு தெரிஞ்சிருந்தா தப்பிச்சிருக்கலாமே?" அளவு முக்கியம் இல்லைன்னு நான் சொல்லல. 1996 ஜூன் 4 அன்னைக்கு ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடி ஆகறதுக்குள்ள வெடிச்சதுக்குக் காரணமே, 64 பிட் ஃப்ளோட் மதிப்பு ஒண்ண 16 பிட் முழு எண்ணுக்குள்ள திணிச்சதுதான். ஆனா அங்கயும் 16 பிட்டுன்னா 32767 வரைக்கும்தான்னு எழுதினவங்களுக்குத் தெரியாம இல்ல. ஏரியன் 4க்கு எழுதின கோடு அது, அந்த ராக்கெட்டோட பாதையில அந்த மதிப்பு அவ்வளவு பெருசா வர வாய்ப்பு இல்லன்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தாங்க. புது ராக்கெட்டோட கிடைமட்ட வேகம் வேற. அவங்க கேக்க வேண்டியிருந்த கேள்வி "இந்த மதிப்பு எதுவரைக்கும் போகும்?"ங்கறது. அது டைப்போட அர்த்தத்தப் பத்தின கேள்வி, அட்டவணையில பதில் கிடையாது. அளவு தெரிஞ்சவங்களே தடுக்கி விழற இன்னொரு இடத்த ஜாவாவுல பக்கத்துல போய்ப் பாக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை மைக்ரோ விநாடின்னு கண்டுபிடிக்க 24 * 60 * 60 * 1000 * 1000ன்னு எழுதி லாங் வேரியபிள்ல போடுங்க. லாங் 8 பைட், 8640 கோடி அதுல தாராளமா அடங்கும். அட்டவணைப்படி ஒரு குறையும் இல்ல. வர விடை 500654080. ஏன்னா பெருக்கல்ல இருக்கற ஒவ்வொரு லிட்டரலும் இன்ட், அதனால பெருக்கல் முழுக்க இன்ட்லயே நடந்து, அங்கயே நிரம்பி வழிஞ்சு, மிச்சம் இருந்தத மட்டும் லாங் வாங்கிக்குது. 24க்குப் பின்னாடி ஒரு எல் எழுத்து சேத்தா எல்லாம் சரி. (பெரிய எல் போடுங்க. சின்ன எல் பல ஃபான்ட்ல ஒண்ணு மாதிரியே இருக்கும், ஜோஷுவா பிளாக்கும் நீல் காஃப்டரும் எழுதின ஜாவா பஸ்லர்ஸ் புத்தகத்துல இதுக்குன்னே ஒரு புதிர் இருக்கு.)

"பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் காலத்துல டைப்பெல்லாம் எதுக்கு, மொழியே பாத்துக்குமே?" இதுவும் அடிக்கடி காதுல விழற வாதம். வேரியபிளுக்கு டைப் எழுத வேண்டாம்ங்கறது உண்மை. அதனாலேயே லிட்டரலோட பொறுப்பு கூடுது, ஏன்னா டைப் இப்ப மதிப்போட மட்டும்தான் ஒட்டிட்டு இருக்கு. "5"உடன் 1ஐக் கூட்டினா ஜாவாஸ்கிரிப்ட் "51"ன்னு சொல்லும், அதே "5"ல இருந்து 1ஐக் கழிச்சா 4ன்னு சொல்லும். பைத்தான் ரெண்டையுமே மறுத்துடும். மொழி பாத்துக்கறதுன்னா நம்ம மனசுல இருக்கறத ஊகிக்கறது இல்ல, எழுதினத அதோட விதிப்படி படிக்கறது. ஊகிக்க விட்டா என்ன ஆகும்னும் நமக்குத் தெரியும். யாம்ல் 1.1 வடிவத்துல மேற்கோள் இல்லாம எழுதின நார்வேயோட நாட்டுக்குறியீடு (என், ஓ ரெண்டெழுத்து) 'இல்லை'ங்கற பூலியன் மதிப்பா மாறிடும். நாடுகள் பட்டியல்ல இந்தியா இருக்கும், ஸ்வீடன் இருக்கும், நார்வே இருந்த இடத்துல ஃபால்ஸ் இருக்கும். 2009ல வந்த 1.2 இத நீக்கினாலும் பழைய விதியில ஓடற லைப்ரரிகள் இன்னும் புழக்கத்துல இருக்கு. எக்செல் மார்ச்1, செப்ட்2ன்னு பேர் வெச்ச மரபணுக்களத் தேதியா மாத்தினது இதோட அண்ணன். எக்செல் ஃபைல்ல மரபணுப் பட்டியல் இணைச்ச ஆய்வுக் கட்டுரைகள்ல சுமார் அஞ்சுல ஒரு பங்குல இந்த மாதிரிப் பிழை இருந்துச்சுன்னு 2016ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. கடைசியில 2020ல அந்த மரபணுக்களோட பேரையே மாத்தினாங்க. மேற்கோள் போட்டு இது சரம்னு சொல்றதுக்கு ஒரு தெளிவான இடம் இருந்திருந்தா ஒரு அறிவியல் துறை தன்னோட பெயர்ச்சொல்ல விட்டுக்குடுத்திருக்க வேண்டியது இல்ல.

இப்ப நம்ம வீட்டு விஷயம். கேரக்டர்னா ஒரு எழுத்துன்னு அட்டவணை சொல்லுது. ஜாவாவுல ஒத்தை மேற்கோளுக்குள்ள 'க' போடுங்க, ஏத்துக்கும். 'கொ' போடுங்க, பிழை. 'க்' போட்டாலும் பிழை. யூனிகோடுல க ஒரு குறி, புள்ளி தனியா ஒரு குறி. கொ-வும் அதே மாதிரி ககரமும் ஒகரக் குறியும் சேந்த ரெண்டு. ஜாவா கேரக்டர் ஒரு 16 பிட் அலகு, நாம எழுத்துன்னு நினைக்கறது அதுல அடங்கணும்ங்கற கட்டாயம் எதுவும் இல்ல. "தமிழ்"ங்கற சரத்தோட நீளத்தக் கேட்டா பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூணும் 5ன்னு சொல்லும் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). கோ மொழியில லென் கேட்டா 15, ஏன்னா அது யூடிஎஃப்-8 பைட்டுகள எண்ணுது. ஸ்விஃப்ட் மட்டும் 3ன்னு சொல்லும். ஒண்ணாம் வகுப்புக் குழந்தை சொல்ற விடையும் அதுதான். அஞ்சு மொழியும் பொய் சொல்லல, எண்ணற விஷயம்தான் வேற வேற. பைத்தான்ல இந்தச் சொல்லத் திருப்பிப் போட்டுப் பாருங்க, இன்னும் நல்லாத் தெரியும். புள்ளி ஒட்டிக்க எழுத்து இல்லாம முன்னாடி அனாதையா நிக்கும், மகரத்தோட இருந்த இகரம் ழகரத்துல போய் ஒட்டிக்கிட்டு மூலச் சொல்லுல இல்லவே இல்லாத 'ழி' பிறக்கும், அப்புறம் ம, த. ஒரு சொல் பாலிண்ட்ரோமான்னு பாக்கற புரோகிராம் எல்லா லேப் பதிவேட்டுலயும் இருக்கு. அத 'விகடகவி'க்கு ஓட்டினா இல்லன்னு சொல்லும். ஒரு எழுத்துன்னா ஒரு கேரக்டர்னு சொல்லிக்குடுத்ததோட நேரடி விளைவு இது.

"அது யூனிகோடோட கோளாறு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காது"ன்னு ஒரு தரப்பு உண்டு. தமிழ்நாடு அரசு 2010ல யூனிகோடோட சேத்து அங்கீகரிச்ச டேஸ்16 அந்த வழியில யோசிச்ச முறைதான், அதுக்குப் பின்னாடி இருக்கற ஆதங்கம் எனக்கும் புரியுது. ஆனா தமிழுக்கு மட்டும் நடந்த ஓரவஞ்சனையா இதப் பாக்கறது சரியில்ல. பிரெஞ்சுல மேல கோடு வெச்ச ஈ எழுத்த ஒரே குறியாவும் எழுதலாம், ரெண்டு குறியாவும் எழுதலாம். நாட்டுக் கொடி எமோஜி ஒவ்வொண்ணும் ரெண்டு குறி சேந்தது. கொ-வையே ரெண்டு குறியாவும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியும் போட்டு மூணாவும் எழுதலாம், கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு சமம் இல்ல, நார்மலைஸ் பண்ணினாத்தான் ஒண்ணாகும். எழுத்துங்கறது உலகத்துல எந்த மொழியிலயும் நிலையான பைட் அளவுள்ள பொருளா இருந்ததில்ல. ஆங்கிலத்த மட்டும் மனசுல வெச்சு வகுத்த ஒரு பெட்டிக்கு கேரக்டர்னு பேர் வெச்சுட்டாங்க. தமிழ் தெரிஞ்ச பசங்களுக்கு இத விளக்கறது ரொம்பச் சுலபம், மெய்யும் உயிரும் சேந்து உயிர்மெய் ஆகறது அவங்களுக்குப் பழகின விஷயம். அந்த அறிவ வகுப்புக்குள்ள கொண்டுவராம 1 பைட்டுன்னு சொல்லி அனுப்பறது பெரிய இழப்பு.

கடைசியா ஒரு ஆட்சேபம், எனக்கு ரொம்ப மதிப்பு உள்ளது. ஆசிரியர்கள் சொல்றது: "புதுசா படிக்கறவங்களுக்கு இவ்வளவும் சொன்னா குழம்பிடுவாங்க. அட்டவணை பிடிச்சுக்க ஒரு கைப்பிடி. மத்ததெல்லாம் வேலைக்குப் போனா தானா தெரியும், இல்லன்னா இருக்கவே இருக்கு எடிட்டரும் லின்டரும், சிவப்புக் கோடு போட்டுக் காட்டிடும்." கருவிகளப் பத்தின பாதிக்கு பதில் சுலபம். 044ஐ எட்டடிமானமா எழுதியிருக்கியேன்னு ஒரு நல்ல லின்டர் கேக்கும். ஆனா 44ன்னு திருத்தி எழுதினா எந்தக் கருவியும் வாயத் திறக்காது, அது எஸ்டிடி கோடுன்னு அதுக்கு யார் சொன்னது? அர்த்தம் தெரிஞ்சது எழுதறவருக்கு மட்டும்தான். அந்த அர்த்தத்த மொழிக்குச் சொல்ல நல்ல வழிகளும் வந்துட்டு இருக்கு. சி++ 14ல நேரத்துக்குன்னே லிட்டரல் இருக்கு. எண்ணுக்குப் பின்னாடி மணிக்கு ஒரு குறி, நிமிஷத்துக்கு ஒரு குறி ஒட்டலாம். ஒரு மணியும் முப்பது நிமிஷமும் கூட்டினா தொண்ணூறு நிமிஷம் வரும், வெறும் 30ஐக் கூட்டினா கம்பைலர் ஒத்துக்காது. உள்ள இருக்கறது அதே முழு எண்தான், ஆனா என்ன செய்யலாம்ங்கறது மாறிடுச்சு.

குழப்பத்தப் பத்தின மறுபாதிக்கு என் பதில்: குழம்பறது அட்டவணையாலதான். 2, 4, 8ன்னு காரணமே இல்லாத எண்கள நினைவு வெச்சுக்கறத விட, 5 வேற "5" வேறன்னு முதல் நாளே ஓட்டிப் பாத்துப் புரிஞ்சுக்கறது பதினாறு வயசுப் பையனுக்கு எளிது. நம்ம மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்துல பதினொண்ணாம் வகுப்புல சி++, பன்னெண்டாம் வகுப்புல பைத்தான். அதாவது ஒரே மாணவர் அடுத்தடுத்த வருஷத்துல இன்ட்டுக்கு எல்லை உள்ள மொழியையும் இல்லாத மொழியையும் படிக்கறார், 7/2 முதல் வருஷம் 3ஆவும் அடுத்த வருஷம் 3.5ஆவும் வரதப் பாக்கறார். இதவிட நல்ல வாய்ப்பு எங்க கிடைக்கும்? ரெண்டு விடையையும் பலகையில பக்கத்துல பக்கத்துல எழுதி, ஏன்னு கேட்டு ஒரு பீரியட் முழுக்க பேச விடலாம். கேள்வித்தாள்லயும் ஒரு மார்க் வினாவுக்கு பதிலா ஒரு சின்னப் பட்டியல் குடுக்கலாம்: ஒரு போன் நம்பர், ஒரு பெட்ரோல் விலை, ஒரு வகுப்புல இருக்கற மாணவர் எண்ணிக்கை, ஆஜரா இல்லையாங்கற பதிவு, 'ஸ்ரீ'ங்கற எழுத்து. ஒவ்வொண்ணையும் கோடுக்குள்ள எப்படி எழுதுவீங்க, ஏன் அப்படி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. பெட்ரோல் விலைய ஒருத்தர் பைசாவா மாத்தி முழு எண்ணா எழுதுவார், இன்னொருத்தர் டெசிமல்னு எழுதுவார், காரணம் சரியா இருந்தா ரெண்டு பேருக்கும் முழு மார்க் போடலாம்.